கணிதத்தில டபிள்யூ வந்த தம்பியைத் தொழில்நுட்பக் கல்லூரியில சேர்க்கலாமா?

திருக்கடலூர் அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு 18 வயசு. ஓ.எல் (க.பொ.த சாதாரண தரம்) ரெண்டு தரம் எடுத்தவன். தமிழ் சி, சமயம் பி, ஆங்கிலமும் விஞ்ஞானமும் எஸ், அதாவது ஆகக் குறைஞ்ச சித்தி. கணிதம் மட்டும் ரெண்டு தரமும் டபிள்யூ, சித்தியில்லை. ரெண்டாவது பெறுபேறு வந்த அண்டைக்கு ஃபோனை என்ர கையில தந்திட்டு வெளியில போனவன், இரவு பத்து மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தான். அதுக்குப் பிறகு படிப்பைப் பற்றி அவனோட கதைக்க ஏலாமக் கிடக்கு.

ஒன்றரை வருசமா படகு எஞ்சின் திருத்திற இடத்தில வேலை. வேலையில கெட்டிக்காரன். எஞ்சினுக்குப் பெற்றோலும் ஒயிலும் 50க்கு 1 எண்டு கலக்க வேணும். 20 லீற்றர் கானுக்கு எவ்வளவு ஒயில் எண்டு கேட்டா, கையைத் துடைச்சுக் கொண்டே "400 மில்லி" எண்டுவான். அதையே விகிதம் எண்டு பேப்பரில கண்டா பேனையைக் கீழ வைச்சிடுறான்.

போன வருசம் தனியார் இடமொண்டில காசு கட்டி ஆறு மாசம் மெக்கானிக் படிச்சான். அந்தச் சான்றிதழோட வேலைக்குப் போன இடத்தில "இது என்.வி.கியூவா?" எண்டு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்கள். தேசிய தொழிற் தகைமையைத்தான் அப்பிடிச் சொல்லுறாங்கள். அம்மா சீட்டுப் பிடிச்ச காசு அது. திரும்பவும் ஏமாறக் கூடாது எண்டுதான் கேக்கிறன்: கணிதம் இல்லாம முறையான பாடநெறி ஏதும் படிக்கலாமா? ஆங்கிலம் எஸ் காணுமா?

கிண்ணியா கராஜ்:

அக்கா, நானும் கணிதம் டபிள்யூதான். இப்ப என்.வி.கியூ 4 வைச்சிருக்கன். வகுப்புக்குப் போகாம, செய்ஞ்ச வேலையைக் காட்டி எடுத்தது. ஆர்.பி.எல் எண்டு சொல்லுவாங்க. முதலாளிக்கிட்ட சேவைக் கடிதம், வேலை செய்யக்குள்ள எடுத்த படங்கள், திருத்தின வாகன விபரம் எல்லாத்தையும் ஒரு கோப்பாச் சேர்த்துக் குடுத்தன். பிறகு மதிப்பீட்டாளர்கள் வந்து கியர்பொக்ஸைக் கழட்டிப் பூட்டச் சொன்னாங்க. ஒவ்வொண்டுக்கும் ஏன், எதுக்கு எண்டு தமிழில கேட்டாங்க. ஓ.எல் பெறுபேற்றை ஒருத்தரும் கேட்கல்ல. தம்பிர தொழிலுக்கும் அப்பிடிச் செய்யலாமா எண்டு தொழிற்பயிற்சி அதிகாரசபையில ஒருக்கா விசாரிங்க. இப்ப இருந்தே படங்களை எடுத்து வைக்கச் சொல்லுங்க, பிறகு தேடினாக் கிடைக்காது.

ஆனா ஒண்டு. 4க்கு மேல 5, 6 டிப்ளோமா, 7 எண்டா பட்டம், ரத்மலானையில இருக்கிற தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் வரைக்கும் போகலாம். நான் 5க்குப் போய்ப் பார்த்தன். பாடம் ஆங்கிலத்தில. ரெண்டு கிழமையில வந்திட்டன். கணிதத்தை விட அதுதான் என்னை நிப்பாட்டினது.

ஓய்வுபெற்ற கணித ரீச்சர், உப்புவெளி:

மகள், பாடநெறிக்குப் பாடநெறி தகைமை வேற. ஒட்டு வேலை (வெல்டிங்) மாதிரிச் சில கைத்தொழில் பயிற்சிக்கு தரம் 9 படிச்சிருந்தாலே எடுப்பார்கள். தொழில்நுட்பக் கல்லூரியில தேசிய சான்றிதழ் வகைப் பாடநெறிகளுக்குக் கணிதச் சித்தி கேட்பார்கள். ஆக, இப்பவே ஏதாவது ஒண்டில சேரட்டும். ஆனா கணிதத்தைக் கைவிட வேண்டாம். தனிப்பட்ட பரீட்சார்த்தியா அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம்.

எஸ் எடுக்க 35 புள்ளி காணும். பிள்ளையள் இதைக் கணக்குப் பாக்கிறதே இல்லை. முதலாம் பத்திரம் ரெண்டு மணித்தியாலம். அதில ஏ பகுதி 25 சின்னக் கேள்வி, ஒண்டுக்கு 2 புள்ளி. பி பகுதி அஞ்சு கேள்வி, ஒண்டுக்கு 10. ரெண்டாம் பத்திரம் மூண்டு மணித்தியாலம், பத்துக் கேள்வி செய்ய வேணும். ரெண்டும் சேர்ந்து 200, அதைப் பாதியாக்கினதுதான் கடைசிப் புள்ளி. அப்ப அவருக்கு வேண்டியது 200க்கு 70. ஏ பகுதியில 18 கேள்வி சரியெண்டா 36 வந்திட்டுது. மிச்சம் 34. வட்டி, வரி, மீடிறன் பரம்பலின் இடை, வரைபு, இந்த நாலையும் திருப்பித் திருப்பிச் செய்தா அது வரும். கேத்திரகணித நிறுவலைப் பிடிச்சுக்கொண்டு மாசக் கணக்கில இருந்து மற்றதையும் விட்ட பிள்ளையள் எத்தனை பேரைக் கண்டிட்டன்.

அவர் சொன்ன 400 மில்லி இருக்கே, அதை அவரைக் கொண்டே எழுதுவியுங்கோ. 20 லீற்றர் எண்டா 20,000 மில்லிலீற்றர், அதை 50ஆல் வகுத்தா 400. கையில கிடக்கிறது, கடதாசியில வரேல்லை, அவ்வளவுதான். பின்னேரங்களில என்ர வீட்டுக்கு அனுப்புங்கோ. காசு வேண்டாம்.

பாலையூற்று:

தங்கச்சி, இனி எங்க காசு கட்டினாலும் முதல்ல அந்த நிறுவனத்தின்ர பதிவிலக்கத்தைக் கேளுங்கோ. மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவிலதான் பதிய வேணும். நிறுவனம் பதிஞ்சிருக்கெண்டு மட்டும் நம்பிடாதேங்கோ, உங்கட தம்பி படிக்கிற அந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ தர அங்கீகாரம் இருக்கா எண்டும் பாக்க வேணும். என்ர மருமகன் ஏமாந்தது அதிலதான்.

திருக்கடலூர் அக்கா:

எல்லாருக்கும் நன்றி. ரீச்சர், நீங்க எழுதினதை அவனுக்கு வாசிச்சுக் காட்டினன். 70 எண்டதும் திரும்பிப் பார்த்தான். 35ஐ நூறுக்கு எண்டு நினைக்க மலையாத் தெரிஞ்சதாம். பழைய பேப்பரை எடுத்து ஏ பகுதியை மட்டும் செய்யச் சொன்னன். மணி பாத்துக்கொண்டு இருந்து செய்தான். 14 சரி. இன்னும் நாலுதான் வேணும்.

திங்கட்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு அதிகாரசபைக்குப் போறன். செவ்வாய் பின்னேரம் உங்கட வீட்டுக்கு அனுப்புறன் ரீச்சர். ஆங்கிலத்துக்கு, எஞ்சினோட வந்த கைநூலில தினமும் ஒரு பக்கம் வாசிக்கிறதெண்டு ரெண்டு பேரும் தொடங்கியிருக்கிறம்.