ஆறு வயதுப் பிள்ளைக்குப் பணம் பற்றிய சொற்கள்: எதில் தொடங்குவது?

கேள்வி:
மகளுக்கு ஆறு வயது. நூறு வரை தடுமாறாமல் எண்ணுவாள், ஆனால் ஐந்து ஒரு ரூபாய் நாணயங்களையும் ஒரு பத்து ரூபாய் நோட்டையும் எதிரே வைத்தால் நாணயங்கள்தான் அதிகம் என்று அடித்துச் சொல்கிறாள். நாணயம், நோட்டு, சில்லறை, வங்கி, கடன், வட்டி என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள், அதை அப்படியே ஒப்பிக்கிறாள், அவ்வளவுதான். எந்தச் சொல்லை முதலில் எடுப்பது?

பதில் 1:
இந்த வயதில் அது சகஜம், எத்தனை இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு ‘மதிப்பு’ என்பதில் தொடங்குங்கள். நாணயங்களைத் தரையில் கொட்டி, பொறித்திருக்கும் எண்ணை வாசிக்க வைத்து, ஒரு ஐந்து ரூபாய்க்கு ஐந்து ஒரு ரூபாய் என்று மாற்றி மாற்றி விளையாடுங்கள், ‘சில்லறை’ அதிலேயே புரிந்துவிடும். அளவைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதையும் சொல்லுங்கள், அமெரிக்காவில் பத்து சென்ட் நாணயம் ஐந்து சென்ட்டை விடச் சின்னது! அப்புறம் ‘விலை’. ‘மீதி’ என்பது கழித்தல் கணக்கு, அது வந்த பிறகு போதும். வட்டி இப்போது எதற்கு?

பதில் 2:
நாணயப் பெயர்களை நாட்டோடு சேர்த்தே சொல்லுங்கள். வெறும் டாலர் என்றால் அமெரிக்காவா, கனடாவா, ஆஸ்திரேலியாவா, சிங்கப்பூரா? நான்கும் வேறு வேறு பணம். ரூபாயும் அப்படித்தான், இந்தியா, இலங்கை, நேபாளம், பாகிஸ்தான், மொரீஷியஸ் எல்லாவற்றிலும் உண்டு. யூரோ நேர்மாறு, பல நாடுகளுக்கு ஒரே பணம். ஒரு ரூபாய்க்கு 100 பைசா, ஒரு டாலருக்கு 100 சென்ட் என்று படித்துவிட்டு எல்லா இடத்திலும் நூறுதான் என்று நினைப்பார்கள், குவைத் தினாருக்கு 1000 ஃபில்ஸ்.

பதில் 3:
முதல் பதிலோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஆனால் ‘கடன்’ சீக்கிரமே வரலாம். பென்சில் வாங்கித் திருப்பித் தருவது அவர்களுக்குத் தெரிந்த விஷயம்தானே. இன்னொன்று, நாம் கார்டிலும் போனிலும் கட்டுவதைப் பார்க்கிற பிள்ளைக்குப் பணம் தீரும் என்பதே தெரிவதில்லை. கட்டும்போது ‘இவ்வளவு இருந்தது, இவ்வளவு போச்சு’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், வரவு செலவு என்ற சொற்களை அங்கேயே நுழைத்துவிடலாம்.

கேட்டவர்:
சரி, மதிப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். விளையாட்டு நோட்டு வாங்கலாமா, நிஜக் காசே போதுமா?

பதில் 1:
நிஜக் காசே நல்லது, கனமும் வழவழப்பும் கையில் தெரிய வேண்டும். விளையாடி முடித்ததும் கை கழுவச் சொல்லுங்கள். வீட்டில் இன்னும் சின்னக் குழந்தை இருந்தால் எண்ணி எடுத்து வையுங்கள், வாயில் போட்டுவிடும்.