பர்மிட் முடிய 40 நாள்: சீனாவிலேயே புதுப்பிக்கலாமா?

கேள்வி: வுஹானில் எம்பிபிஎஸ் முடித்துவிட்டேன். குடியிருப்பு பர்மிட் ஜூலை 20 வரை. மேற்படிப்பு வேறு பல்கலைக்கழகத்தில், செப்டம்பரில் வகுப்பு. இங்கிருந்தே விண்ணப்பிக்கலாமா, இல்லை ஊருக்குப் போய் எக்ஸ்1 விசா (நீண்டகாலப் படிப்புக்கான விசா) எடுத்து வர வேண்டுமா? டிக்கெட் விலையைச் சொன்னால் அப்பா போனையே வைத்துவிடுகிறார்.

பதில்: தம்பி, இங்கேயே கேட்டுப் பார். ஆனால் நீட்டிப்புக்கு 30 நாள் முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். நான் கடைசி வாரம் பர்மிட் தரும் அலுவலகத்தில் போய் நின்றவன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா தேதியில் விரலை வைத்து இரண்டு தட்டு தட்டினார், படிவத்தைத் திருப்பித் தள்ளினார். அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவர்: பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களாமே?

பதில்: ஆமாம், ரசீது தருவார்கள். பரிசீலனைக்கு 15 நாள் வரை. அதற்குள் பழைய தேதி தாண்டினாலும் ரசீதோடு தங்கலாம், வெளிநாடுதான் போக முடியாது. ரசீது இல்லாமல் தாண்டினால் நாளொன்றுக்கு 500 யுவான் அபராதம் போடலாம், அதிகபட்சம் 10,000. காவலில் வைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. புதிய பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் முதலில் கடிதம் வாங்கு.

கேள்வி கேட்டவர்: சரி அண்ணா, நாளைக் காலையிலேயே போகிறேன்.