நிலா மண்ணை எரித்து லேண்டரைச் சூடாக வைக்க முடியாதா?

தண்டவாளம்:
அப்பா ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் இருந்தவர். தண்டவாளத் துண்டுகளைத் தெர்மிட் வெல்டிங் செய்து இணைப்பதைச் சின்ன வயதில் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இரும்பு ஆக்சைடும் அலுமினியத் தூளும் கலந்த பொடி, பற்றவைத்தால் கொஞ்ச நேரத்தில் உருகிய இரும்பாக இறங்கும். வெளியிலிருந்து காற்றே வேண்டாம், ஆக்சிஜன் அந்தப் பொடிக்குள்ளேயே இருக்கிறது.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3இன் விக்ரம் லேண்டர் (தரையிறங்கும் கலம்) நிலாவில் இறங்கியபோது கண்ணீரோடு பார்த்தவன் நான். நிலாவின் நீண்ட ராத்திரி முடிந்து செப்டம்பர் 22 வாக்கில் மறுபடி வெயில் வந்தும் அது எழுந்திருக்கவில்லை என்ற செய்தி இன்னும் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நிலாவின் ஒரு பகலுக்குத்தான் திட்டமிட்டார்கள், தெரியும், ஆனாலும். நிலா மண்ணின் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் என்கிறார்கள். அப்படியென்றால் பூமியிலிருந்து உலோகப் பொடி மட்டும் கொண்டுபோய், அங்கே உள்ள மண்ணோடு கலந்து எரித்து, ராத்திரி முழுக்க லேண்டரைக் கதகதப்பாக வைக்க முடியாதா? இதை யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா?

பிப்பெட்:
செய்து பார்த்திருக்கிறார்கள் தம்பி, ஆனால் லேண்டரைச் சூடாக்க அல்ல, கட்டுமானப் பொருள் செய்ய. எல் பாசோவில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் யெவ்கெனி ஷஃபிரோவிச்சின் குழு, நிலா மண்ணைப் போலப் பூமியில் செய்த மண்ணை மெக்னீசியத்தோடு கலந்து எரித்துப் பார்த்தது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் அலுமினியத்தை வைத்துச் செய்தார்கள், அந்த முறையில் வளைவுக் கூரைக்கான கற்களை வார்த்தும் காட்டினார்கள். இரண்டு இடத்திலும் பயன்பட்டது ஜேஎஸ்சி-1ஏ என்ற வகை மண், அமெரிக்காவில் அரிசோனாவின் எரிமலைச் சாம்பலிலிருந்து தயாரித்தது.

உங்கள் தண்டவாளப் பொடிக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. இரும்பு ஆக்சைடு தன் ஆக்சிஜனைச் சுலபமாக விட்டுக்கொடுக்கும், அதனால் ஒரு கிலோ கலவைக்கு ஏறக்குறைய 4 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். நிலா மண்ணில் பெரும்பங்கு சிலிக்கா, அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தது. அது ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். மெக்னீசியம் அதைப் பறித்துவிடும், மெக்னீசியமும் சிலிக்காவும் சேர்ந்த கலவையில் கிலோவுக்குச் சுமார் 2.7 மெகாஜூல் வரும். அலுமினியமும் பறிக்கும், ஆனால் வெப்பம் இன்னும் குறைவு. வர்ஜீனியா டெக்கில் கம்பிச் சுருளால் முதலில் நன்றாகச் சூடேற்றித்தான் வினையைக் கிளப்பினார்கள். மண்ணில் உள்ள கால்சியம் ஆக்சைடை இந்த இரண்டு உலோகத்தாலும் அசைக்க முடியாது. அலுமினியம் ஆக்சைடிலிருந்தும் வெப்பம் என்று சொல்லும்படி எதுவும் வராது. அதெல்லாம் சும்மா கூட இருந்து வெப்பத்தைக் குடிக்கும் சரக்கு. ஆக "40 சதவீத ஆக்சிஜன்" என்பதை அப்படியே எரிபொருள் கணக்கில் எடுக்காதீர்கள். அதில் எவ்வளவு எந்த உலோகத்தோடு கட்டுண்டு கிடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்புறம் ஒரு வேண்டுகோள், இதைப் படிக்கும் மாணவர்களுக்கு. யாரும் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். எரியும் மெக்னீசியத்தில் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் வந்து இன்னும் மோசமாகும்.

வாட்மணி:
வேதியியலைப் பிப்பெட் சார் சொல்லிவிட்டார், நான் கணக்குப் போடுகிறேன்.

நிலா ராத்திரி சுமார் 354 மணி நேரம். லேண்டருக்குள் இருக்கும் பெட்டிக்கு 20 வாட் வெப்பம் விடாமல் கொடுத்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம் (நான் எடுத்த எண்தான், சுலபமாகப் பெருக்க). மொத்தம் 7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம், அதாவது 25 மெகாஜூல். ஒரு கிராம்கூட வீணாகாமல் எரிந்தாலும் 4 கிலோவுக்குமேல் மெக்னீசியம் வேண்டும், மண் தனி. இது ஒரு ராத்திரிக்கு மட்டும். வருடத்துக்குப் பன்னிரண்டு ராத்திரி, 50 கிலோ. கிலோவுக்கு 200 வாட்-மணி தரும் பேட்டரி என்றால் 35 கிலோ, ஆனால் அதைப் பகலில் திரும்பச் சார்ஜ் செய்யலாம். இரண்டாவது ராத்திரியைச் சேர்த்துக்கொண்டாலும் எடையில் மெக்னீசியம் நல்ல லாபம்தான், எட்டு ராத்திரிக்கு மேல் போனால் பேட்டரி முந்திவிடும்.

கதிரியக்கத்தால் தானே சூடாகும் புளூட்டோனியம்-238 வைத்த ஹீட்டரோடு ஒப்பிடவே கூடாது. நாசாவின் ஒரு வாட் ஹீட்டர் மொத்தமே 40 கிராம், அதற்குள் புளூட்டோனியம் ஆக்சைடு 2.7 கிராம். இருபது ஹீட்டர் என்றால் 800 கிராம், வருடக்கணக்கில் சூடு. 1970இல் இறங்கிய சோவியத் ரோவர் லூனகோத்-1, பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருளின் சூட்டில்தான் பல ராத்திரிகளைத் தாண்டியது.

எடையைவிடப் பெரிய பிரச்சினை வேகம். இந்த வினை நொடிகளில், மிஞ்சினால் நிமிடங்களில் முடிந்துவிடும். நமக்கு வேண்டியது 354 மணி நேரம் சொட்டுச் சொட்டாக. அடுப்பில் ஒரு வாரத்து விறகை ஒரே தடவையில் போட்டுக் கொளுத்தினால் வாரம் முழுக்கச் சோறு வேகாது இல்லையா, அதுதான்.

தண்டவாளம்:
நன்றி வாட்மணி அண்ணா, கணக்கு நன்றாகப் புரிந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கிறது. சின்னச் சின்ன வில்லைகளாகச் செய்து, மணிக்கு ஒன்றாகப் பற்றவைத்தால்? சூடான கட்டியை மண்ணுக்குள் புதைத்தால் சூடு நிற்காதா?

ராசிபுரத்தான்:
புதைக்கிற யோசனை நல்ல யோசனை தம்பி. நிலாவின் மேல்மண் அருமையான வெப்பக் காப்பு, காற்றில்லாத தூசி என்பதால். சந்திரயான்-3இல் மண்ணின் வெப்பத்தை அளந்த சேஸ்ட் கருவி மேலே 50 டிகிரிக்கு மேல் காட்டிய இடத்தில் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10 காட்டியது. சுட்டுக் கெட்டியான மண்கட்டியில் பகல் வெயிலைச் சேமித்து ராத்திரி வண்டியை அதன்மேல் நிறுத்தும் திட்டம் நாசாவிலேயே பேசப்பட்டது. அந்தக் கட்டியைச் செய்ய உங்கள் நெருப்பு ஒரே ஒரு தடவை போதும், அப்புறம் மாதாமாதம் வெயில் இலவசம். நான் இந்த வழியில்தான் இதன் எதிர்காலத்தைப் பார்க்கிறேன்.

ஆனால் எங்கே இறங்குகிறோம் என்பதையும் பார்க்கணும். அப்பல்லோ-11 இறங்கியது கருமையான சமவெளி, அங்கே மண்ணில் இரும்பும் டைட்டானியமும் அதிகம், எரிவதற்குத் தோது. விக்ரம் இறங்கியது தெற்கே 69 டிகிரியில், மேட்டு நிலம். அதன் ரோவர் பிரக்யான் அளந்ததும் அனார்த்தோசைட் வகை மண்தான்: கால்சியமும் அலுமினியமும் நிறைய, இரும்பு குறைவு. எங்கள் நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் இதே பாறை கிடக்கிறது. இஸ்ரோ அதை அரைத்துத்தான் லேண்டருக்கும் ரோவருக்கும் சோதனைத் தரை போட்டது. அந்தப் பக்கம் பைக்கில் போகும்போதெல்லாம் வெள்ளை வெளேரென்று தெரியும் பாறையைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்க்கும். அரிசோனா சாம்பலில் எரிந்த மாதிரி இந்த மண்ணில் எரியும் என்று எதிர்பார்க்க முடியாது, மெக்னீசியம் கூடுதலாக வேண்டும், இல்லையென்றால் முன்கூட்டியே சூடேற்ற வேண்டும். தென் துருவத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் இந்த மாதிரி மண்ணில்தான் வேலை செய்தாக வேண்டும், அதனால் ஒரு கல்லூரி ஆய்வகம், சரியான பாதுகாப்போடு, நம் சித்தம்பூண்டி மண்ணை வைத்தே இதை எடுத்துச் செய்தால் மிகவும் சந்தோஷப்படுவேன்.

பிப்பெட்:
ராசிபுரத்தானோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆய்வகத்தில் செய்கிறவர்களுக்கு ஒன்று: எதோடும் வினைபுரியாத ஆர்கான் வாயு நிரப்பிய கலத்தில் எரிவதை வைத்து வெற்றிடத்தில் எப்படி எரியும் என்று முடிவுகட்டக் கூடாது. மெக்னீசியம் சாதாரண அழுத்தத்திலேயே 1,090 டிகிரி வாக்கில் கொதித்துவிடும், வெற்றிடத்தில் அதற்கு வெகு முன்னாலேயே ஆவியாகி ஓடும். உலோகமும் போச்சு, கட்டியும் பொங்கி ஓட்டை ஓட்டையாகும். அலுமினியம் அவ்வளவு சீக்கிரம் ஓடாது, ஆனால் பற்றவைப்பது கஷ்டம். வில்லை கேட்டீர்களே தம்பி, ஏவுகணைகளில் இருக்கும் வெப்ப பேட்டரிக்குள் அப்படிப்பட்ட வில்லைகள்தான் எரிந்து உப்பை உருக்கி மின்சாரம் வர வைக்கின்றன. ஒரே தடவை, சில நிமிடம். ராத்திரி முடிந்து விறைத்துக் கிடக்கும் பேட்டரியைக் காலையில் ஒரு தடவை சூடாக்கி எழுப்ப அப்படி ஒன்று போதுமா என்று கேட்டால், அந்தக் கணக்கு நன்றாகவே வரும்.

வாட்மணி:
5 கிலோ பேட்டரி, மைனஸ் 100இலிருந்து பூஜ்யத்துக்கு. கிலோவுக்கு டிகிரிக்கு 1 கிலோஜூல் என்று வைத்தால் அரை மெகாஜூல். மெக்னீசியம் 100 கிராமுக்குள் முடிந்தது. வழியில் இழக்கும் சூட்டுக்கு நாலு மடங்கு போட்டாலும் அரைக் கிலோவைத் தாண்டாது. ஆனால் அந்தக் குளிரில் செல்கள் உடையாமல் இருக்கணும், அதுதான் முதல் கேள்வி.