பி.காம் முதலாண்டு: வட்டிக் கணக்கை எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி – புது விரிவுரையாளர்
இந்த ஜூன்ல இருந்து ஒரு கலைக் கல்லூரியில வணிகக் கணிதம் எடுக்கிறேன். நான் படிச்சது எம்.எஸ்சி கணிதம். வகுப்புல 58 பேர், முக்கால்வாசிப் பேர் பிளஸ் டூல கணக்கே இல்லாத காமர்ஸ் குரூப். நேத்து கூட்டு வட்டி சூத்திரத்தைப் போர்டுல எழுதினேன். அடுக்கைப் பார்த்ததுமே பாதிப் பேர் பேனாவை மூடிட்டாங்க. வகுப்பு முடிஞ்சதும் ஒரு பொண்ணு வந்து, "மேம், பரீட்சைக்கு எந்தக் கணக்கு வரும்னு சொல்லுங்க, மனப்பாடம் பண்ணிடறேன்"னா. மனசு கேக்கல. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் – விருதுநகர் வாத்தியார்
மேடம், அவங்களுக்கு வட்டி தெரியும், சூத்திரம்தான் தெரியாது. "ரெண்டு வட்டி"ன்னா என்னன்னு கேளுங்க. நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபான்னு பட்டுனு சொல்வாங்க. வருஷத்துக்கு 24 சதவீதம்னு அவங்க வாயாலயே வரட்டும்.

அப்புறம் பைக் கடன். 60,000 ரூபா, ரெண்டு வருஷம், 10 சதவீத ஃபிளாட் வட்டி, அதாவது அசல் குறைஞ்சாலும் கடைசி வரைக்கும் முழு 60,000க்கும் வட்டி. வட்டி 12,000, மொத்தம் 72,000, மாசத் தவணை 3,000. அதுல 2,500 அசல், 500 வட்டி. கடைசி மாசம் பாக்கி அசலே 2,500தான், அதுக்கும் 500 வட்டி! இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க, அவங்களே கொதிப்பாங்க. இதையே குறையுற அசலுக்குப் பார்த்தா மாசம் சுமார் ஒன்றரை, வருஷத்துக்கு 18 சதவீதம். 60,000ஐ 1.015ஆல பெருக்கி 3,000 கழிச்சா 57,900. இப்படியே மாசத்துக்கு ஒரு வரியா 24 வரி போடச் சொல்லுங்க. போன்ல இருக்கிற கால்குலேட்டர் போதும். அடுக்கு எதுக்குன்னு தானா விளங்கும்.

ஒண்ணு மட்டும்: அவங்க வீட்டுக் கடனை வகுப்புல சொல்லச் சொல்லாதீங்க. நான் ஒரு தடவை கேட்டுட்டேன், ஒரு பையன் தலை நிமிரவே இல்ல. இன்னிக்கும் உறுத்துது.

பதில் – கடைக் கணக்கர்
ஜிஎஸ்டியையும் சேருங்க மேடம். வரியோட விலை 1,180, வரி 18 சதவீதம், வரி எவ்வளவு? எங்ககிட்ட வேலைக்கு வர்ற பசங்க 212.40னு எழுதறாங்க. சரியான விடை 180. 118ஆல வகுத்து 18ஆல பெருக்கணும்.

புது விரிவுரையாளர்
வாத்தியார் ஐயா, இன்னிக்கு 24 மாசக் கணக்கையும் போட்டோம். ரெண்டு பீரியட் போச்சு, பரவாயில்ல. கடைசி மாசத்துல ஒன்றரை சதவீதத்துக்கு 2,870 கட்டினாலே கடன் தீர்ந்துடுது, தவணையோ 3,000. "மீதி 130 எங்க மேம்?"னு ஜன்னலோரப் பையன் எழுந்துட்டான். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பின்னாடியிருந்து ஒருத்தி, "அப்ப வட்டி ஒன்றரைக்கு மேல இருக்கு"ன்னா. நாளைக்கு 1.51 சதவீதம் போட்டுப் பார்க்கணுமாம்.