ஆராதனையில் முனகும் பிள்ளைக்குத் தனி அறை தேவையா?

கடைசிபெஞ்ச்:
எங்கள் சபையில் ஆட்டிசம் உள்ள பையன் ஒருவன், பிரசங்கம் முடியும்வரை முனகிக்கொண்டே இருப்பான். பின்னால் கண்ணாடி அறை கட்டி ஸ்பீக்கர் வைக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு. எனக்குச் சம்மதம்தான். "சகலமும் நல்லொழுக்கமாயும் கிரமமாயும்" என்று பவுலே சொல்லியிருக்கிறார் (1 கொரி. 14:40).

வாசலோர அம்மா:
பிரதர், அந்த அதிகாரம் முழுக்க அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் பேசுகிற பெரியவர்களுக்கு. பிள்ளைகளைத் தடுத்தபோது இயேசு விசனமடைந்தது சீஷர்கள்மேல்தான் (மாற்கு 10:14). என் மகனும் முனகுவான், சேட்டைக்காக அல்ல. டிரம்ஸ் சத்தம் தாங்காமல் தன் குரலாலேயே காதை மூடிக்கொள்கிறான். மைக் 'கீய்ய்' என்று அலறினால் பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். அந்தச் சத்தத்துக்கு எந்த அறை கட்டப்போகிறீர்கள்?

கடைசிபெஞ்ச்:
சரி, வசனத்தை விடுங்கள். என் அப்பாவுக்குக் காது மெஷின். பிரசங்கத்தையும் முனகலையும் அது சேர்த்தே பெரிதாக்குகிறது. வாரம் முழுக்க வீட்டிலேயே கிடக்கிறவர் சிஸ்டர், அவருக்கு இந்த ஒரு ஆராதனைதான்.

சவுண்ட்பாக்ஸ்:
இடையில் வருகிறேன். அவருடைய மெஷினில் டெலிகாயில் (லூப் ஒயரிலிருந்து வரும் காந்த சிக்னலைப் பிடிக்கும் சின்னக் கம்பிச்சுருள்) இருக்கிறதா பாருங்கள். இருந்தால், ஆலயத்தில் லூப் ஒயர் பதித்து மைக் சத்தத்தை நேராக மெஷினுக்கே அனுப்பலாம். சுற்றியுள்ள இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும். டிரம்ஸ் சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் மட்டும் எங்கள் குழுவில் யுத்தம் வரும்!

அமைதிவிரும்பி:
நானே ஆட்டிசம் உள்ளவன். பெரியவனான பிறகும் என்னை வெளியே துரத்துவது பாட்டு அல்ல, "பக்கத்தில் இருப்பவரைக் கட்டித்தழுவுங்கள்" என்கிற திடீர் அறிவிப்பு. பாட்டு, ஜெபம், வேதபாடம், பிரசங்கம் என்று வரிசையைப் படங்களாக முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். அப்புறம் திருவிருந்து. அப்பம் மேலண்ணத்தில் ஒட்டினாலே சில பிள்ளைகளுக்குக் குமட்டும். முன்பே ஒரு துண்டைத் தொட்டுப் பார்க்கக் கொடுங்கள். அறையும் நல்லதுதான், மூச்சுவிட எனக்கே தேவைப்படும். ஆனால் பிள்ளை தானாகப் போய்த் தானாகத் திரும்பவேண்டும். முகம் சுளித்து அனுப்பிவைத்தால் அந்தக் குடும்பம் மறுவாரம் வராது.

கடைசிபெஞ்ச்:
லூப்புக்குக் கமிட்டி பணம் ஒதுக்குமா என்பது சந்தேகம்தான், கேட்டுப் பார்க்கிறேன். அறைக்கு என் ஓட்டு மாறவில்லை. கதவு எப்போதும் திறந்தே இருக்கவேண்டும் என்று தீர்மானத்தில் சேர்க்கச் சொல்கிறேன்.

வாசலோர அம்மா:
கதவு திறந்தே இருந்தால் கண்ணாடி எதற்கு பிரதர்?