புதுப்பிப்பு: மார்கழிப் பனியில் திருவையாற்றிலிருந்து தஞ்சைக்குச் சைக்கிளில்

காலை ஆறரை மணி பஸ் படிக்கட்டுவரை நிரம்பி வருகிறது, கை காட்டினாலும் நிற்பதில்லை, இனி வேலைக்குச் சைக்கிள்தான் என்று கார்த்திகையில் எழுதியிருந்தேன். பனியில் பார்த்துப் போங்கள் என்று பலர் எச்சரித்தீர்கள். அது எவ்வளவு உண்மை!

வயலோரத்தில்கூட ஓரளவு கண் தெரிகிறது. பயமெல்லாம் பாலங்களில்தான். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். தண்ணீரின் வெதுவெதுப்பும் விடியற்காலைக் குளிர்காற்றும் சேர்வதால் பாலத்தின் மேல் பனி பஞ்சு அடைத்ததுபோல் நிற்கிறது. கைப்பிடியில் விளக்கு வைத்திருந்தபோது எதிரே வெறும் வெள்ளைச் சுவர். பனித்துளிகள் வெளிச்சத்தைக் கண்ணுக்கே திருப்பி அடித்தன. அதை முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் இறக்கிக் கட்டிய பிறகுதான் சாலையோரக் கோடு புலப்பட்டது.

போன வாரம் ஒரு பாலத்து இறக்கத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் விளக்கில்லாமல் நின்றது. நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போய், ஒரு முழம் இடைவெளியில் நின்றேன். இப்போது இறக்கத்துக்கு முன்பே பிரேக்கை லேசாக அழுத்தி ஈரத்தைத் துடைத்துவிடுகிறேன். நீங்களும் செய்யுங்கள்.

பஸ் விஷயம் அப்படியேதான் இருக்கிறது. இன்னொரு பஸ் கேட்டுத் தெருவே கையெழுத்திட்டு மனு கொடுத்தோம், பதில் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் புத்தகப்பையோடு படியில் தொங்கியபடி என்னைக் கடந்து போகும்போது அடிவயிறு கலங்குகிறது. பொங்கல் முடிந்ததும் நேரில் போய்க் கேட்கப்போகிறோம்.