சார்பியல் கணக்கில் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

திருகோணமலை மாவட்டத்தின் நான்கு இடங்களிலிருந்து வந்த குறிப்புகள் இவை.

உவர்மலையிலிருந்து:
கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகுகள் நம்பியிருப்பது ஜிபிஎஸ்ஸைத்தான். உயர்தரப் பிள்ளைகளுக்குச் சார்பியலை அங்கிருந்தே தொடங்கலாம். செய்மதியின் பாதை ஆரை 26,560 கிலோமீற்றர், கதி செக்கனுக்கு 3,874 மீற்றர். இதை லோரன்ஸ் காரணிக்குள் (ஓடும் கடிகாரம் எத்தனை மடங்கு மெதுவாகும் என்று சொல்லும் எண்) அப்படியே போட்டால் சாதாரணக் கல்குலேற்றர் 1 என்றுதான் காட்டும், ஏனென்றால் வித்தியாசம் பதினோராவது தசம தானத்தில்தான் தொடங்குகிறது. பிள்ளை விளைவே இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடும். ஈருறுப்பு விரிவைப் பாவியுங்கள்: கதியை ஒளியின் கதியால் வகுத்து, வர்க்கித்து, பாதியாக்கி, 86,400 ஆல் பெருக்கினால் 7.2 மைக்ரோசெக்கன். செய்மதிக் கடிகாரம் நாளுக்கு (86,400 செக்கனுக்கு) அவ்வளவு பிந்தும்.

கிண்ணியாவிலிருந்து:
அதோடு நிறுத்தினால் விடை தலைகீழாகிவிடும். மேலே ஈர்ப்பழுத்தம் (ஓரலகுத் திணிவுக்குரிய ஈர்ப்பு அழுத்தசக்தி) கூட என்பதால் கடிகாரம் முந்துகிறது, அதுதான் பெரிய விளைவு. பிள்ளைகள் பழக்கத்தில் 9.81 ஐ உயரத்தால் பெருக்கி, ஒளிக்கதியின் வர்க்கத்தால் வகுத்து, 190 மைக்ரோசெக்கன் என்று கொண்டுவருவார்கள். 20,200 கிலோமீற்றர் உயரம்வரை ஈர்ப்பு அப்படியே இருக்குமா? புவி ஆரையின் நிகர்மாற்றிலிருந்து பாதை ஆரையின் நிகர்மாற்றைக் கழித்து, 4.435 மில்லிமீற்றரால் பெருக்குங்கள் (ஈர்ப்பு மாறிலி, புவித் திணிவு, ஒளிக்கதி மூன்றும் சேர்ந்த எண் அது). அதை 86,400 ஆல் பெருக்க நாளுக்கு 45.7 மைக்ரோசெக்கன் வரும். பாதை ஆரைக்குப் பதில் உயரத்தைப் போட்டால் 41. இந்தப் பிழைதான் மோசம், சரிபோலவே தெரியும். 7.2 ஐக் கழிக்க மிஞ்சுவது 38.5 மைக்ரோசெக்கன். அதற்குள் ஒளி 11.5 கிலோமீற்றர் ஓடிவிடும். அதனால்தான் ஏவமுன்பே கடிகார மீடிறனை 10.23 மெகாஹேர்ட்ஸிலிருந்து 10.22999999543 ஆகக் குறைத்துவிடுகிறார்கள்.

மூதூரிலிருந்து:
இணைந்த கணிதப் பழக்கத்தில் ஒளிக்கதியின் 0.6 மடங்கில் போகும் ஓடத்திலிருந்து அதே திசையில் 0.6 மடங்கில் எறிந்த பொருளின் கதியைக் கேட்டால், இரண்டையும் கூட்டி 1.2 எழுதுகிறார்கள். கூட்டியதை 1.36 ஆல் (1 உடன் 0.6 × 0.6 ஐக் கூட்டியது) வகுக்க வேண்டும். விடை 0.88.

நிலாவெளியிலிருந்து:
2019 டிசெம்பர் 26 இல் இங்கே தெரிந்த கங்கண கிரகணத்தில், சூரியனின் ஈர்ப்பால் நட்சத்திர ஒளி வளைவதைப் படம் பிடித்திருக்கலாமே என்று இன்னும் கேட்கிறார்கள். முடியாது. வளையமாக எஞ்சிய சூரியனே போதும், பக்கத்து நட்சத்திரங்களை மறைத்துவிடும். முழுக் கிரகணம்தான் வேண்டும். 1919 மே 29 இல் ஆபிரிக்கக் கரையோரத் தீவான பிரின்சிப்பேயிலும் பிரேசிலின் சோப்ராலிலும் பிரித்தானிய வானியலாளர்கள் தேடியது சூரிய விளிம்பில் ஐன்ஸ்டைன் சொன்ன 1.75 விகலை விலகலை (விகலை என்பது பாகையின் 3,600 இல் ஒன்று), நியூட்டன் வழியில் அதில் பாதி. அதே நட்சத்திரங்களைச் சூரியன் இல்லாத இரவில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால்தான் விலகலை அளக்கலாம். குவியம் இடையில் மாறினால் வேலை கெட்டுவிடும். சோப்ராலில் ஒரு தொலைகாட்டிக்கு அதுதான் நடந்தது. ஆடி (கண்ணாடி) வெயிலில் சூடேறியதே காரணம் என்று குழு கருதியது. அங்கே தெளிவான படங்களைத் தந்தது கூடவே கொண்டுபோயிருந்த 4 அங்குல வில்லைதான்.